பாயசத்துக்குப் பிறகு ரசம்

திருவனந்தபுரத்தில் நான் பாதியில் விட்டுவிட்டு எழுந்த இலை ஒன்று உண்டு. எழுந்தேன் என்று சொல்வதுகூடச் சரியில்லை. தூக்கிக்கொண்டு போனார்கள்.

ஓட்டல்களுக்கு மாவாட்டும் கிரைண்டரும் இட்லி வேகவைக்கும் ஸ்டீம் பெட்டியும் விற்பது என் பிழைப்பு. வீடு திருநெல்வேலியில். வாரத்தில் பாதி நாள் ஏதாவது ஒரு ஊரில் இருப்பேன். ஒரு ஓட்டலில் உட்கார்ந்து சாப்பிடாமல் அந்த ஓட்டலுக்கு ஒரு சாமானும் நான் விற்றதில்லை. சட்னியை நாக்கில் வைத்தால் போதும், எந்த மாதிரிக் கல்லில் அரைத்தது என்று சொல்லிவிடுவேன். வீண் பெருமைதான், இருக்கட்டும். வேறு பெருமை எதுவும் நமக்கு இல்லை.

அன்று கிழக்கேகோட்டையில் ஒரு ஓட்டல் முதலாளியைப் பார்த்துப் பேசி முடித்துவிட்டு, மத்தியானச் சாப்பாட்டுக்குப் பழவங்காடிக்கு வந்தேன். அங்கே சைவ ஓட்டல் ஒன்று உண்டு. திருவனந்தபுரம் வந்தால் வேறு எங்கும் சாப்பிட மாட்டேன். கணபதி கோவிலில் தேங்காய் உடைகிற சத்தம் சாப்பிடுகிற இடம்வரை கேட்கும். அந்தச் சத்தம் காதில் விழுந்தாலே எனக்குப் பசி எடுத்துவிடும்.

இந்த ஊர்ப் பந்தியின் வரிசையைச் சொல்லிவிடுகிறேன், பின்னால் அது வேண்டியிருக்கும். முதலில் பருப்பும் நெய்யும். அடுத்து சாம்பார். அந்தச் சோறு முடிந்த கையோடு பாயசம் வந்துவிடும். போளியை இலையில் வைத்து, அதன் தலையில் பால் பாயசத்தை ஊற்றி, கையால் பிசைந்து சாப்பிட வேண்டும். விருந்து முடிந்தது என்று நம் ஆள் எழுந்திருக்கப் பார்ப்பான். முடியாது. மறுபடியும் சோறு போடுவார்கள். மோர்க்குழம்பு மாதிரியான புளிசேரி, ரசம், மோர் எல்லாம் அதற்குப் பிறகுதான். எங்கள் திருநெல்வேலிப் பக்கம் ரசம் முடிந்துதான் பாயசம். முதல் தடவை எனக்கு இது சுத்தக் கிறுக்குத்தனமாகப் பட்டது. ஆனால் அந்தத் தித்திப்புக்குப் பிறகு மிளகு ரசம் தொண்டையில் இறங்கும்போது ஒரு சுகம் இருக்கிறது பாருங்கள், அதற்காகவே நான் கட்சி மாறிவிட்டேன்.

அன்று போளியைப் பிசைந்து முதல் வாய் போட்டேன். கூடம் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. மேஜையைப் பிடித்துக்கொண்டு விழுங்கப் பார்த்தேன். தொண்டை கேட்கவில்லை. அதட்டி விழுங்கினேன். பாயசம் மூக்கு வழியாக வந்தது. விக்கல் என்று நினைத்து யாரோ உச்சந்தலையில் தட்டினார்கள், யாரோ தண்ணீர் கொடுத்தார்கள், அதுவும் மூக்கு வழியாக வந்தது. பரிமாறிக்கொண்டிருந்தவர் வாளியைக் கீழே வைத்துவிட்டு என்னைத் தாங்கிப் பிடித்தது நினைவில் இருக்கிறது. அதற்குப் பிறகு ஆட்டோவின் கூரைதான் ஞாபகம்.

மூளையின் பின்பக்கத்தில் சின்ன ரத்தக்குழாய் ஒன்று அடைத்துக்கொண்டதாம். கை பிழைத்தது. கால் கொஞ்சம் தள்ளாடினாலும் பிழைத்தது. குரல் கரகரவென்று ஆனது, அதுவும் போகட்டும். விழுங்குவது மட்டும் போய்விட்டது. இந்த உடம்பில் எடுப்பதற்கு வேறு எதுவுமே கிடைக்கவில்லையா? ஓட்டல் ஓட்டலாகச் சாப்பிட்டுத் திரிகிறவனிடம் வந்து அதையா பிடுங்க வேண்டும்? டாக்டரிடம் கேட்டேன். அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

என் மூக்கில் ஒரு குழாய் செருகி, வயிறுவரை இறக்கிவிட்டார்கள். அதன் வழியாக நர்ஸ் ஊசிக்குழலில் கஞ்சியும் ஏதோ மாவுக் கரைசலும் ஊற்றுவாள். தலைமாட்டில் ஓர் அட்டை தொங்கியது. மலையாளத்திலும் இங்கிலீஷிலும் எழுதியிருந்தது: வாய் வழியாக எதுவும் கொடுக்கக் கூடாது. தண்ணீர்கூட. உள்ளே போனால் வயிற்றுக்குப் போகாது, நுரையீரலுக்குப் போகும், நிமோனியா வரும் என்று டாக்டர் சொன்னார். சில வாரங்களில் தானாக விழுங்க வரலாம். வராவிட்டால் வயிற்றில் துளை போட்டு நிரந்தரமாகக் குழாய் வைத்துவிட வேண்டியதுதான். அதைச் சொல்லும்போது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

பசி இல்லை. அதுதான் கொடுமை. வயிறு நிறைந்திருக்கிறது, வாய் காலியாகக் கிடக்கிறது. மாலையானால் கீழே கேன்டீனில் பழம்பொரி போடுவார்கள். நேந்திரம்பழம் எண்ணெயில் பொரிகிற வாசனை ஜன்னல் வழியாக ஏறி வந்து என் கட்டிலில் உட்கார்ந்துகொள்ளும். ஜன்னலை மூடினால் புழுங்கும். திறந்தால் பழம்பொரி. நான் எங்கே போவேன்? எழுந்து வராந்தாவரை நடந்தால்கூடத் தலை சுற்றும், ஒருவர் பிடித்துக்கொள்ள வேண்டும். நாலு சுவருக்குள் மாட்டிக்கொண்டேன் என்று சொன்னால் போதாது. என் தொண்டைக்குள்ளேயே மாட்டிக்கொண்டேன்.

சரி, மனசுக்குள்ளாவது ஊர் சுற்றுவோம் என்று கண்ணை மூடுவேன். தூத்துக்குடியில் துறைமுகச் சாலைப் பக்கம் ஒரு ஓட்டல், ரவா தோசை விளிம்பு முழுக்க முறுகிப் போய் வரும். தென்காசியில் ஒரு சந்துக்குள் பருப்பு வடை, அங்கே ரசத்தில் ஊறப்போட்டுத்தான் தருவார்கள். கோவில்பட்டியில் பஸ் நிலையத்துக்கு எதிரே ஓர் அம்மாள் சுடும் பணியாரம். அவ்வளவுதான், வாயில் எச்சில் ஊறிவிடும். அந்த எச்சிலை விழுங்க முடியாது. பக்கத்திலிருந்த எவர்சில்வர் கிண்ணத்தில் துப்ப வேண்டும். நினைத்துப் பார்ப்பதற்குக்கூட இந்த உடம்பு எனக்கு அனுமதி தரவில்லை. செல்போனில் சமையல் வீடியோ பார்க்க ஆரம்பித்தேன். என் மனைவி போனைப் பிடுங்கித் தன் பையில் போட்டுக்கொண்டாள்.

அவளைப் பற்றிச் சொல்ல வேண்டும். செய்தி கேட்டு மறுநாளே பஸ் பிடித்து வந்துவிட்டாள். இங்கே ஆஸ்பத்திரியில் நோயாளியோடு இருக்கிறவருக்குப் பைஸ்டாண்டர் என்று பெயர். கழுத்தில் ஓர் அட்டையும் மாட்டிவிட்டார்கள். “பைஸ்டாண்டர் எவிடே?” என்று நர்ஸ் கேட்டால் இவள் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி எழுந்து நிற்பாள். இவ்வளவு வருஷத்தில் அவள் என்னோடு வெளியூர் வந்ததில்லை. ஓட்டலில் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டதே இல்லை.

விழுங்கக் கற்றுக்கொடுக்க ஒரு தெரபிஸ்ட் வருவாள். சின்னப் பெண், மலையாளி. எங்களுக்காகத் தமிழை இழுத்துப் பிடித்துப் பேசுவாள். அவள்தான் ஒருநாள் கிண்ணத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னாள்:

“அங்கிள், இத துப்பிக் களையண்டா. நல்ல சாப்பாடு நெனச்சு வாயில வெள்ளம் வருதுல்லே? அது நல்லதாணு. தலைய குனிச்சு, பதுக்க, மெல்ல, அத இறக்கிப் பழகணும். தொண்டையில இந்த முழ, குரல்வளை, மேல ஏறி இறங்கணும். ஏறுதான்னு விரல் வெச்சு நோக்கணும், கேட்டோ.”

எனக்கு உயிர் வந்தது. அப்படியானால் சாப்பாட்டை நினைப்பது மருந்து! ஆனால் பழைய நினைவுகளெல்லாம் கிண்ணத்தில் துப்பித் துப்பித் தீர்ந்து போயிருந்தன. ரவா தோசையை எத்தனை தடவைதான் நினைப்பது? மனைவியைக் கூப்பிட்டேன்.

“ஏட்டி, நாளைக்கு மத்தியானம் பழவங்காடிக்குப் போ. நான் விழுந்தேன்லா, அதே ஓட்டலு. எல போட்டு நல்லாச் சாப்பிட்டுட்டு வந்து எனக்கு ஒண்ணு விடாமச் சொல்லு.”

“கோட்டி பிடிச்சிருக்கா ஒங்களுக்கு? நீங்க இப்பிடிக் கெடக்கையில நான் ஓட்டல்ல போயித் திங்கவா?”

“திங்கச் சொல்லல. மருந்து வாங்கிட்டு வரச் சொல்லுதேன்.”

மறுநாள் போனாள், வந்தாள். கட்டிலில் உட்கார்ந்து முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். நான் தலையைக் குனிந்து, தொண்டையில் விரலை வைத்துக்கொண்டு தயாராக இருந்தேன்.

“என்ன சாப்பிட்ட?”

“சோறுதான்.”

“சவத்த, சோறுன்னா? வரிசையாச் சொல்லு.”

“பருப்பு, நெய்யி. பெறவு சாம்பாரு. பெறவு ரசம் ஊத்துனாங்க. அது முடிஞ்சு பாயாசம், போளி. கடைசில மோரு. எல்லாம் நல்லாத்தான் இருந்துது.”

நான் விரலை எடுத்துவிட்டேன்.

“நீ அங்க காலே வைக்கல.”

“யாரு சொன்னா?”

“ரசம் சொல்லுச்சு. இந்த ஊருல பாயாசத்துக்குப் பெறவுதான்ட்டி ரசம். நீ நம்ம ஊருப் பந்தியச் சொல்லுத. என்னையவே ஏமாத்துதியா?”

கரகரத்த குரலில் எவ்வளவு கத்த முடியுமோ அவ்வளவு கத்தினேன். பக்கத்து அறையிலிருந்து நர்ஸ் எட்டிப் பார்த்தாள். என் மனைவி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். பிறகு ஆரம்பித்தாள் பாருங்கள்.

“ஆமா, போகல. வாசல் வரைக்கும் போனேன், திரும்பிட்டேன். ஒத்தையில ஒரு பொம்பள எலைய விரிச்சு உக்காந்தா போறவன் வாறவன்லாம் பாப்பான். எனக்கு வெக்கமா இருந்துது. கோயில்கிட்ட நின்னு பழம் வாங்கித் தின்னேன். போதுமா? எத்தன வருசமா நான் கேட்டிருக்கேன், சொல்லுங்க. தூத்துக்குடி, கோயில்பட்டின்னு போயிட்டு வந்து செருப்பக் கழத்தும்போதே ஆரம்பிப்பீங்கள்லா? நான் ஆக்கி வச்ச சோத்துக்கு முன்னால உக்காந்துக்கிட்டு அந்த ஊரு ரசம், இந்த ஊரு வடன்னு. நான் ஒரு வாயி கண்டனா? கத கேட்டே வயித்த நெறச்சேன். இப்ப ஒங்களுக்கு ஒருநாளு கத சரியா வரலைன்னதும் இம்புட்டுக் கோவம் வருதோ?”

மூக்கில் குழாயை வைத்துக்கொண்டு மனுஷன் எவ்வளவு வாதாடுவான்? சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன்.

மறுநாள் மத்தியானம் அவள் ஒன்றும் சொல்லாமல் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். நர்ஸ் வந்து கஞ்சி ஊற்றிவிட்டுப் போனாள். தெரபி முடிந்தது. என் மனைவி வரவில்லை. எனக்குக் கோபம் போய் பயம் பிடித்துக்கொண்டது. பாஷை தெரியாத ஊர். போன் அவளிடம். எழுந்து தேடிப் போக எனக்குக் கால் இல்லை. கோபித்துக்கொண்டு நேரே பஸ் நிலையத்துக்குப் போய் ஊருக்கு ஏறிவிட்டாளோ என்றுகூட நினைத்தேன். ஏறினாலும் நியாயம்தான் என்றும் தோன்றியது. கதவையே பார்த்துக்கொண்டு கிடந்தேன்.

கதவைத் திறந்துகொண்டு வந்தவள் சிரித்துக்கொண்டே வந்தாள்.

“என்னங்க, மானமே போச்சு. பாயாசம் முடிஞ்சுதா, நீங்க சொன்னது மறந்துபோயி, பழக்கதோசத்துல, சரி, எந்திரிக்க வேண்டியதுதான்னு எலைய மடக்கிட்டேன். பரிமாறுதவரு ஓடியே வந்துட்டாரு. ‘ஐயோ அம்மா, மடக்காதீங்க, இனியும் சோறு உண்டு’ன்னு சொல்லி அவரே எலைய விரிச்சு விட்டாரு. அங்கன இருந்தவங்க எல்லாருக்கும் சிரிப்பு. எனக்குந்தான். தென்காசிப் பக்கத்துக்காரராம், பேச்சு பாதி மலையாளமாப் போச்சு. போன மாசம் பாயாசத்தோட விழுந்தாரே, அவரு எங்க வீட்டுக்காரருதான்னு சொன்னேன். ‘சார நான்தான் பிடிச்சேன்’னாரு. அதுக்குப் பெறவு என்னைய விடவே இல்ல. எல்லாத்தையும் ரெண்டு தடவ ஊத்துனாரு.”

“ரசம்?” என்றேன்.

“அதத்தான் சொல்ல வாரேன். அந்த இனிப்புக்கு மேல ரசம் போச்சு பாருங்க. மொளகும் சீரகமும் அப்பிடியே தொண்டையப் பிடிச்சு இழுத்துட்டுப் போகுது. நாக்குல ஒட்டுன பாலெல்லாம் கழுவி விட்ட மாதிரி. நம்ம ஊருல ஏன் இப்பிடிச் செய்ய மாட்டேங்காங்க?”

வாயில் ஊறிவிட்டது. கிண்ணத்தைத் தேடாமல் தலையைக் குனிந்தேன். அதட்டவில்லை, மெல்ல இறக்கினேன். தொண்டையில் ஏதோ அசைந்தது. அவள் எழுந்து வந்து என் குரல்வளையில் விரலை வைத்தாள்.

“இன்னொருக்கச் செய்யுங்க.”

செய்தேன்.

“ஏறுதுங்க,” என்றாள். விரலை எடுக்கவே இல்லை.

அதற்குப் பிறகு தினமும் போனாள். வெட்கமெல்லாம் எங்கே போனதோ தெரியவில்லை. ஒருநாள் புட்டும் கடலைக்கறியும், ஒருநாள் அப்பம், ஒருநாள் கிழக்கேகோட்டையில் எங்கேயோ மரவள்ளிக்கிழங்கு வேகவைத்துக் காந்தாரி மிளகாய் அரைத்த சம்மந்தித் துவையலோடு. வந்து என் முன்னால் உட்கார்ந்து ஒன்று விடாமல் சொல்லுவாள். நான் குனிந்து விழுங்குவேன். நன்றாகவே சொல்லுவாள், என்னைவிட நன்றாக. எனக்குப் பொறாமையாக இருந்தது. சில நாள் வேண்டுமென்றே, “இன்னைக்குச் சொல்ல மாட்டேன், இன்னைக்குத் தின்னது எனக்கு மட்டுந்தான்” என்பாள். நான் திட்டுவேன். கெஞ்ச வைத்துவிட்டுத்தான் சொல்லுவாள்.

அப்புறம் பரிசோதனை நாள் வந்தது. மருந்து கலந்த கூழை வாயில் கொடுத்து, விழுங்குவதை எக்ஸ்ரேயில் படமாகப் பார்க்கிறார்கள். முதல் கரண்டியே தப்பான வழியில் இறங்கியது. இருமி இருமிக் கண்ணெல்லாம் சிவந்து போனேன். டாக்டர் அடுத்த வாரம் வயிற்றில் துளை போட்டுவிடலாம் என்றார். அறைக்குக் கொண்டு வந்து படுக்கப்போட்டார்கள். நான் போர்வையைத் தலைவரை இழுத்துக்கொண்டேன். இனி என் ஆயுசுக்கும் ஊசிக்குழல்தான், இனி எந்த ஊரும் எனக்கு ஊர் இல்லை என்று நினைத்தேன். அழுதேன். அழுகையைக்கூட ஒழுங்காக விழுங்க முடியவில்லை.

மத்தியானம் அவள் பையை எடுக்கும் சத்தம் கேட்டது.

“எங்கட்டி போற?”

“சாப்பிட.”

“இன்னைக்குமா?”

“இன்னைக்குந்தான். பசிக்குது.”

எனக்கு வந்த ஆத்திரத்தில் அவளைக் கொன்றிருப்பேன். போய்விட்டாள். திரும்பி வந்து, நான் கேட்காமலேயே, போர்வைக்கு வெளியே உட்கார்ந்து சொல்ல ஆரம்பித்தாள். பருப்பு, நெய், சாம்பார். நான் காதைப் பொத்திக்கொண்டேன். அவள் குரலை உயர்த்தினாள். போளி, பாயசம். ஆறுதல் ஒரு வார்த்தை சொல்லவில்லை. புளிசேரி. ரசம். பாழாய்ப்போன வாய் ஊறியது. போர்வைக்குள்ளேயே தலையைக் குனிந்து விழுங்கினேன். அவளுக்குத் தெரிந்துவிட்டது. “இன்னொருக்க,” என்றாள்.

அந்த வாரம் முழுக்க வேறு வேலை செய்யவில்லை. தூங்கும் நேரம் போக மற்ற நேரமெல்லாம் விழுங்கினேன். துளை போடுவதற்கு முந்தின நாள் தெரபிஸ்ட் டாக்டரிடம் மல்லுக்கட்டினாள். “இன்னும் ஒரு தவண நோக்கலாம் டாக்டர்.” டாக்டர் வாட்ச்சைப் பார்த்துக்கொண்டே சம்மதித்தார். மறுபடியும் எக்ஸ்ரே. கூழ் நேர் வழியில் போனது. திரையில் கறுப்பாக ஒரு கோடு வயிற்றுப் பக்கம் இறங்கியதை நானே பார்த்தேன். அடுத்து தண்ணீர் கொடுத்தார்கள். தண்ணீர் பாதி தப்பிப் போனது.

“பரவாயில்ல அங்கிள்,” என்றாள் அந்தப் பெண். “கட்டியா உள்ளது முதல்ல. டீஸ்பூன்ல கொஞ்சம் கொஞ்சமா. வெள்ளம், சாயா, ரசம் ஒண்ணும் இப்போ வேண்டா. அது அவசானம், கடைசிலதான் வரும்.”

“பாயாசம் குடுக்கலாமா?” என்று கேட்டாள் என் மனைவி.

“பாயசமா?” தெரபிஸ்ட் சிரித்துவிட்டாள். “தண்ணி மாதிரி இருக்கக் கூடாது. போளியோட நல்லா குழச்சு, கட்டியா, ஒரு தரி, ஒரு துணுக்கு கூட இல்லாம. நான் கூட இருக்கும்போ மட்டும்.”

மறுநாள் மத்தியானம் என் மனைவி பழவங்காடியிலிருந்து பார்சலோடு வந்தாள். சாப்பாட்டுத் தட்டுக்கு வைத்திருந்த மேஜையை என் மடிக்கு மேல் இழுத்துவிட்டு, ஒரு துண்டு வாழையிலையை விரித்தாள். பரிமாறுகிறவர் கொடுத்துவிட்டாராம். சாருக்கு எலையில்லாம எப்பிடி என்று கேட்டாராம். நர்ஸ் ஸ்பூனை நீட்டினாள். இவள் அதை வாங்கிப் பக்கத்தில் வைத்துவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு வந்து, போளியைப் பிய்த்துப் பாயசத்தை ஊற்றிப் பிசைந்தாள். விரலுக்குத் தரி தட்டாமல் போகிற வரைக்கும் பிசைந்தாள். தெரபிஸ்ட் என் தொண்டையில் விரலை வைத்துக்கொண்டாள். மூக்கில் இன்னும் குழாய் இருந்தது.

முதல் வாய். ஏலக்காய், நெய், பால். அன்று மூக்கு வழியாக வந்த அதே பாயசம். தலையைக் குனிந்தேன். இறக்கினேன். மூன்று பேரும் என் முகத்தையே பார்த்தார்கள். இருமல் வரவில்லை.

“ஆன்னு சொல்லு அங்கிள்.”

“ஆ,” என்றேன். தப்பான வழியில் போயிருந்தால் குரலில் தண்ணீர் கட்டுமாம், கட்டவில்லை.

நாலைந்து வாய் போனது. அதற்குள் நான் பெரிய மலை ஏறியவன் மாதிரிக் களைத்துவிட்டேன். கண்ணில் நீர் வடிந்தது, அதைத் துடைக்கவும் தெம்பில்லை. போதும், இது கிடைத்ததே போதும் என்று இருந்தது. திருநெல்வேலிக்காரன் கை, பாயசம் முடிந்ததும் தன்பாட்டுக்கு இலையின் நுனியைப் பிடித்து மடக்கப் போனது.

என் மனைவி பாயசக் கையோடு என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

“மடக்காதீங்க,” என்றாள். “ரசம் வரணும்.”